நடுகல்லை முப்பரிமாணத்தில் பதிவு செய்ய உதவி வேண்டும்

வணக்கம். செங்கம் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. வில்லும் குறுவாளும் ஏந்திய வீரன், தலைக்கு மேலே நான்கு வரி வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வடிவம்). சின்ன வயதில் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டுப்படும். இப்போது பாதி மழுங்கிவிட்டன.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019-இல் எரிந்தபோது, முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் ஸ்கேன்தான் மறுசீரமைப்புக்குக் கைகொடுத்தது. அந்தக் கருவியெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. போனில் சுற்றிச் சுற்றி 140 படம் எடுத்து, படங்களை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும் மெஷ்ரூம் மென்பொருளில் போட்டேன். வீரன் அழகாக வந்துவிட்டான். எழுத்து இருக்கும் இடம்தான் வழுவழுவென்று வருகிறது. எடுத்தது உச்சி வெயிலில். எண்ணெய்ப் பிசுக்கு வேறு மினுங்குகிறது. கல்லைக் கழுவ மனமில்லை, ஊரார் சாமியாகக் கும்பிடுகிறார்கள்.

மேகமூட்டமான நாளில் எடுத்தால் போதுமா, மினுமினுப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டர் வேண்டுமா? அப்புறம், கேமராவை அசைக்காமல் இரவில் டார்ச்சைப் பல கோணங்களில் சாய்த்துப் பிடித்து எடுக்கும் ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) முறையை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? ஒளியின் திசையைக் கணக்கிடப் பக்கத்தில் வைக்கும் பளபளப்பான உருண்டைக்குப் பதிலாகக் கருப்புக் கோலி சரிவருமா?

எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்க மட்டும் சொல்லாதீர்கள், கல்லுக்குக் கெடுதல்.

வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னால் படங்களை அனுப்புகிறேன். தை பிறந்ததும் கரையைப் பலப்படுத்தும் வேலை தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் ஒரு நல்ல பதிவாவது எடுத்துவிட வேண்டும்.