புதுப்பிப்பு: பெண் கல்விச் சங்கத்தின் விதித் திருத்தம் நிறைவேறியது

எங்கள் மாநில அளவிலான பெண் கல்விச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் துணைவிதியை (சங்கத்தின் உள்விதியை) திருத்த வேண்டியிருந்தும், 14 நாள் அறிவிப்பு மட்டுமே அனுப்பியிருந்ததால் என்ன செய்வதென்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கூட்டத்தைத் தள்ளிவைத்துப் புதிய அறிவிப்பு அனுப்புங்கள் என்ற யோசனையே பலித்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவை; அதற்குக் குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தீர்மானம் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்படுகிறது என்பதும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே அச்சிட்டு இணைத்தோம்.

எதிர்பாராதது வாக்கு எண்ணிக்கைதான். சிறப்புத் தீர்மானம் நிறைவேறத் தேவையான நான்கில் மூன்று பங்கு ஆதரவு என்பது வாக்களித்தவர்களில் அல்ல, வாக்குரிமையுடன் வந்திருப்பவர்களில் கணக்கிடப்படுவதால், கை உயர்த்தாமல் இருப்பவரும் எதிர்ப்பவருக்குச் சமமாகிறார். வந்திருந்த 64 பேரில் 48 பேர் தேவைப்பட்டனர். முதலில் உயர்ந்த கைகள் 46 மட்டுமே. செயலாளர் தீர்மானத்தை மீண்டும் நிதானமாக வாசித்து, உதவித்தொகைக்கான ‘25 வயதுக்கு உட்பட்ட’ என்ற சொற்கள் நீக்கப்படுவதால், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர விரும்பும் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளக்கினார். தலைவர் மறு எண்ணிக்கைக்கு அனுமதித்தபோது 53 பேர் ஆதரித்தனர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் தடையின்றி ஏற்கப்பட்டன. திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிட்டோம். அது பதிவான பிறகே புதிய விண்ணப்பங்களைப் பெறுவோம்.