இடுப்பு வலியும் முகப்படச் சோதனையும்: எவ்வளவு நம்பலாம்?

கோத்தகிரி பிசியோ:
எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஆறு மாசத்துக்கு மேல இடுப்பு வலியோட வர்ற கொழுந்து பறிக்கிற பெண்கள். "வலி பத்துக்கு எத்தனை?"ன்னா எல்லாரும் பத்துதான். முகப்படம் காட்டி என்ன உணர்ச்சின்னு கேட்டா பயத்தை ஆச்சரியம்ங்கிறாங்க. நாள்பட்ட வலி உணர்ச்சி அறியும் திறனைக் கெடுத்திருக்குன்னு எழுதலாமா?

குன்னூர் மனநலம்:
அவசரப்படாதீங்க. பயம், ஆச்சரியம் ரெண்டுலயும் புருவம் ஏறும், கண் விரியும். நோயில்லாதவங்களும் குழப்பிக்கிற ஜோடி அது. சாதாரண முகத்தைச் சோகம்னு சொல்றாங்களா பாருங்க, அது மனச்சோர்வுல வர்ற சாய்வு. முதல்ல வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்காங்களா, பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி வலி மாத்திரையால தூக்கக் கலக்கம் இருக்கான்னு கேளுங்க. அப்புறம் பிஎச்க்யூ-9, அதாவது மனச்சோர்வை அளக்குற 9 கேள்விப் படிவம். 10, அதுக்கு மேலன்னா மனச்சோர்வை விசாரிக்கணும். ஆனா தூக்கம், அசதி கேள்விகள்ல வலியே மார்க் ஏத்திவிடும். 9ஆவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதுல 0 தவிர எது வந்தாலும் அன்னைக்கே தனியா பேசுங்க.

ஊட்டி வலி கிளினிக்:
பத்துன்னே சொல்றவங்ககிட்ட "கூடையோட எடை போடற இடம் வரை நடக்க முடியுதா?"ன்னு கேளுங்க. வலியை அளக்க முகப்படம்தான் வேணும்னா, சிரிப்புல ஆரம்பிச்சு கண்ணீர்ல முடியுற வரிசை வேண்டாம். அழுகைதான் வலின்னு ஆயிடும். சிரிப்பும் கண்ணீரும் இல்லாத ஆறு முக வரிசை (0 முதல் 10) இருக்கு.

வலியைப் பூதாகரமா நினைக்கிறதை அளக்க 1995ல வந்த 13 கேள்வி அளவுகோல் போதும். ஒவ்வொண்ணும் 0-4, மொத்தம் 52. 30, அதுக்கு மேலன்னா கவனம். மொத்தத்தை விட எது தூக்கலா இருக்குன்னு பாருங்க: திரும்பத் திரும்ப நினைப்பா, ஊதிப் பெருக்குறதா, "என்னால ஒண்ணும் ஆகாது"ங்கிற கையறு நிலையா? கடைசி வகைக்கு, சின்னதா ஒரு வேலையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா அதிகமாக்கிட்டுப் போறதுதான் நல்லா எடுபடும்.

தன் உணர்ச்சிக்குப் பேர் சொல்ல முடியாத நிலையை அளக்குற டொராண்டோ 20 கேள்விப் படிவத்துல (61, அதுக்கு மேலன்னா உறுதி) ஒரு பொறி இருக்கு. டாக்டருக்கே புரியாத உடம்புத் தொந்தரவு உண்டான்னு ஒரு கேள்வி. நாள்பட்ட வலிக்காரங்க ஆமான்னுதான் சொல்வாங்க, அது உண்மையும்கூட!

கோத்தகிரி பிசியோ:
படகா மொழி மட்டும் பேசற பாட்டிகளுக்கு?

குன்னூர் மனநலம்:
மருமகளை மொழிபெயர்க்க வைக்காதீங்க, வீட்டுச் சங்கதி வெளியவே வராது. படகா தெரிஞ்ச நர்ஸ் போதும். முகப்படச் சோதனையில கேட்கிற பயம், ஆச்சரியம், சோகம் மாதிரி ஆறு உணர்ச்சிக்கும் சொல்லை முன்னாடியே முடிவு பண்ணி, எல்லாருக்கும் அதையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.