பூச்சிலிருந்து உணவுக்குள்: 'மைக்ரேஷன்' தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். உணவு உறைகளின் உட்பூச்சு பற்றிய காணொளி ஒன்றுக்குத் தமிழ் வசனவரிகளை நாளை மாலைக்குள் தர வேண்டும். டப்பாவின் எபாக்சிப் பிசின் பூச்சிலிருந்து பிபிஏ (பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள்) உணவுக்குள் போவதற்கு 'மைக்ரேஷன்' என்கிறார்கள். பழைய வரைவில் 'நச்சுக் கசிவு' என்றிருக்கிறது. ஓட்டை இருந்தால்தானே கசியும்? பூச்சு முழுசாக இருக்கும்போதே மூலக்கூறு நகர்கிறது.

*

மக்களுக்கும் பறவைக்கும் உள்ள 'இடப்பெயர்வு' போதாதா?

*

போதாது ஐயா. சுவரில் காரை பெயர்வதுபோல் பூச்சே பெயர்ந்து விழுவதாகப் படிப்பார்கள். 'ஊறல்' எனலாம். 'சுவையொளி ஊறோசை' குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. தொட்டிருக்கும் பொருளுக்குள் ஊறுவதால் இரட்டைப் பொருத்தம்.

*

> இரட்டைப் பொருத்தம்

ஊறு தீங்கும் அல்லவா, அம்மா? சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். காணொளிகள் பலவற்றின் கோளாறும் அதுதான்: 'கண்டறியப்பட்டது' என்பார்கள், எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை நாளில் என்று சொல்லமாட்டார்கள். ஐரோப்பிய முறையில் பிளாஸ்டிக்குக்குச் சோதனை வைக்கும்போது புளிப்பு உணவுக்குப் பதிலாக 3% அசிட்டிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்குப் பதிலாகத் தாவர எண்ணெய். நீண்டநாள் சேமிப்புக்கு 40 டிகிரியில் 10 நாள். எல்லாப் பொருளும் சேர்ந்து, உணவைத் தொடும் பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இறங்கலாம்.

*

நீங்களே 'இறங்கலாம்' என்றுவிட்டீர்களே! சாயம் இறங்குகிறது என்பது எல்லோர் வாயிலும் உள்ளது. 'இறங்கல் வரம்பு', 'இறங்கல் சோதனை' என்று சேரவும் சேரும்.

*

இறங்குவது மேலிருந்து கீழே. பக்கச்சுவரிலிருந்து எப்படி இறங்கும்? பெயர்ச்சொல்லும் 'இறக்கம்' என்றல்லவா வழங்குகிறது?

அந்த 10 மில்லிகிராமைச் சொல்லி ஆறுதல் தரவும் வேண்டாம். அது மொத்த வரம்பு, தனிப்பொருளின் நச்சுத்தன்மை பற்றி எதுவும் சொல்லாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கு உடல் தாங்கும் அளவை 2015இல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்றது. 2023இல் அதை 0.2 நானோகிராம் ஆக்கியது. 20,000 மடங்கு குறைவு! நானோவை மைக்ரோ என்று தட்டச்சினால் வசனவரி ஆயிரம் மடங்கு பொய் சொல்லும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

*

சரிபார்க்கிறேன். நேரமில்லை, பெரும்பாலோர் பக்கம் போகிறேன். முதல் தடவை 'பூச்சிலிருந்து உணவுக்குள் இறங்குதல்', பிறகு 'இறங்கல்'. 'நச்சு' நீங்குகிறது. காணொளி அளவு சொல்லாத இடத்தில் நானும் 'அதிகம்' என்று சேர்க்கமாட்டேன்.

*

அனுப்புங்கள். பக்கச்சுவருக்கு இன்னும் பதில் வரவில்லை. என் வாக்கு 'ஊறல்'தான்.