அம்மாவோடு பஸ்ஸில் போக ஒரு மீனவ கிராமம் (யார்க்‌ஷயர் கடற்கரை)

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. யார்க்கில் தங்கியிருக்கிறோம், கார் இல்லை. இங்கிலாந்தின் பழைய மீனவ கிராமம் ஒன்றையாவது அம்மா கடல் வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

போன சனிக்கிழமை ரயிலில் ஸ்கார்பரோ போய், அங்கிருந்து எக்ஸ்93 பஸ்ஸில் ராபின் ஹூட்ஸ் பே என்ற மீனவ கிராமத்துக்குப் போனோம். (அந்த ஊருக்கு ரயில் 1965லேயே நின்றுவிட்டது.) பஸ் மேட்டின் உச்சியில் இறக்கிவிடுகிறது. கடலுக்குப் போகும் தெரு செங்குத்தான இறக்கம். அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வோர் அடியாக வைத்துப் பாதி தூரம் வந்தார். அப்புறம் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து ஸ்டெய்த்ஸ் என்ற இன்னொரு மீனவ கிராமம் பற்றி விசாரித்தேன். அங்கும் பஸ் மேல் சாலையில்தான் நிற்குமாம், துறைமுகத்துக்கு அதே மாதிரி இறக்கம். சான்ட்ஸெண்ட் என்ற கடற்கரை ஊரில் எக்ஸ்4 பஸ் கடலை ஒட்டியே போகிறது. ஆனால் அது மணற்கரை, அம்மா பார்க்க நினைப்பது படகுத்துறையும் நெருக்கமான சின்ன வீடுகளும்.

அடுத்த வாரம் இதே கடற்கரையில் உள்ள விட்பி நகரில் 2 இரவு தங்குகிறோம். அங்கிருந்து பஸ்ஸில் போய், செங்குத்தான இறக்கம் இல்லாமல் படகுத்துறை வரை நடக்கக்கூடிய கிராமம் எது?