பையான் உடையும்போது 33.75 எம்இவி (துகளோட எனர்ஜியை அளக்கற அலகு) எங்கிருந்து வருது?? அவசரம்

பாதி_தூக்கம்:
நியூட்ரல் பையான் (மின்னூட்டம் இல்லாத ஒரு குட்டித் துகள்) ரெண்டு ஃபோட்டானா (ஒளித்துகள்) உடையுது, 0.6சி (ஒளி வேகத்துல 0.6 பங்கு). ஒண்ணு 135 எம்இவி இன்னொண்ணு 33.75 எம்இவினு வருது, கூட்டினா 168.75. ஆனா பையானே மொத்தம் 135 தானே?? மிச்சம் எங்கிருந்து குதிச்சுது, எத்தனை வாட்டி போட்டாலும் இதேதான் வருது, நாளைக்கு காலைல சப்மிட் பண்ணணும் யாராவது பாருங்க ப்ளீஸ்

சும்மா_வந்தேன்:
0.6சி யாரோட வேகம்? பையான் ஓடுதா, இல்ல பையான் நிக்குது நீங்க ஓடுறீங்களா? ஃபோட்டான் ரெண்டும் அதே நேர்கோட்டுலயா, இல்ல சாய்வாவா? முக்கியமா அந்த 135 எந்த ஃப்ரேம்ல, அதாவது யாரு இருந்து பாக்கற கணக்குல எடுத்தது?

குவார்க்குமுட்டை:
இதுல என்னங்க கஷ்டம். பின்னாடி போற ஃபோட்டான் டிடெக்டருக்கு வரவே வராது, அதை ஏன் சேர்க்கறீங்க. விட்டுடுங்க, 135 கரெக்டா வந்துருச்சு பாருங்க 😎

சும்மா_வந்தேன்:
@குவார்க்குமுட்டை அது 0.6ங்கறதால தற்செயலா வர்றது. 0.8சி போட்டு பாருங்க, முன்னாடி போறது மட்டுமே 202.5 வரும், பின்னாடி 22.5. அப்ப எதை விடுவீங்க?

குவார்க்குமுட்டை:
அப்ப மைனஸ் போடணுமோ? 135 − 33.75 = 101.25. ம்ம் இதுவும் வரலையே

லாரன்ட்ஸ்_தாசன்:
இந்த கேள்வி மாசாமாசம் வருது, பழைய இழையை தேடிப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணாது. தம்பி, 135ங்கறது பையான் நிக்கற ஃப்ரேம்ல உள்ள எனர்ஜி. ஃபோட்டான் ரெண்டையும் லேப் ஃப்ரேம்ல (பையான் ஓடுறதை நாம நின்னு பாக்கறது) எடுத்துட்டு பையானை மட்டும் அதோட சொந்த ஃப்ரேம்ல எடுத்தா எப்படி ஒட்டும்? லேப்ல காமா (வேகத்தைப் பொறுத்து எனர்ஜியைப் பெருக்கற எண்) 1.25, பையான் உடையறதுக்கு முன்னாடியே 168.75 தான். அந்த 33.75 அதோட இயக்க ஆற்றல், எங்கிருந்தும் குதிக்கல. ஒரே ஃப்ரேம்ல நின்னு பாத்தா முன்னும் பின்னும் எனர்ஜி மாறாது, ஃப்ரேம் மாத்தினா மாறத்தான் செய்யும். இது பதினொண்ணாவது பாடம்.

சும்மா_வந்தேன்:
கடைசி வரி தேவையில்ல, மத்தது சரி. @குவார்க்குமுட்டை உங்க 101.25 வீண் இல்ல, அதுதான் மொத்த உந்தம். பையானுக்கு காமா × 135 × 0.6 போட்டாலும் அதே.

பழையபேனா:
எதுக்கு இவ்வளவு சுத்தணும், வேகமா போனா நிறை கூடும், 135 நிறை 168.75 ஆயிடுச்சு, நாங்க படிச்சது இப்படித்தான், கணக்கும் ஒத்துப்போகுது.

லாரன்ட்ஸ்_தாசன்:
வந்துட்டாரு. சார், அந்த கூடுற நிறை வேண்டாம்னு 1948ல ஐன்ஸ்டீனே லிங்கன் பார்னெட்ங்கற எழுத்தாளருக்கு லெட்டர்ல எழுதிட்டாரு. நிறை 135 தான், எந்த ஃப்ரேம்லயும். உடைஞ்ச பிறகும் 135 தான்.

பழையபேனா:
உடைஞ்ச பிறகா? ஃபோட்டானுக்கு நிறை சைபர்னு நீங்கதானே சொல்லுவீங்க, சைபரும் சைபரும் சேந்தா 135ஆ? நல்லாருக்கு!

சும்மா_வந்தேன்:
ஆமா சார், அப்படித்தான். நிறையை அப்படியே கூட்ட முடியாது. எனர்ஜியை கூட்டுங்க, உந்தத்தை திசையோட கூட்டுங்க, ரெண்டையும் வர்க்கம் பண்ணி கழிங்க: 168.75² − 101.25² = 18225, அது 135². 0.8சில 225² − 180², அப்பவும் 18225. 2012ல செர்ன் ஆய்வுக்கூடத்துல ஹிக்ஸ் துகள் மாட்டினதுல ஒரு வழி இதேதான், ரெண்டு ஃபோட்டானை சேத்து கணக்கு போட்டு 125 ஜிஇவி பக்கத்துல மேடு தெரிஞ்சுது.

பழையபேனா:
கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா கூடுற நிறைனு சொன்னா தப்பான விடை வரும்ங்கறதை யாரும் காட்டல.

லாரன்ட்ஸ்_தாசன்:
பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, விசைக்கும் முடுக்கத்துக்கும் நடுவுல காமா வரும். ஓடுற திசையிலயே தள்ளினா காமா கியூப் வரும். ஒரே பொருளுக்கு ரெண்டு நிறையா? எதை வச்சுக்கப் போறீங்க?

பாதி_தூக்கம்:
சாரி இப்பதான் பாக்கறேன், பையான்தான் ஓடுது, ஃபோட்டான் ரெண்டும் அதே லைன்ல. 168.75 ரெண்டு பக்கமும் வந்துருச்சு தேங்க்ஸ்!!

சும்மா_வந்தேன்:
சூப்பர். பையான் ஃப்ரேம்ல ஃபோட்டான் நேர் குறுக்கா கிளம்பினா லேப்ல என்ன வரும்னும் ஒருவாட்டி போட்டுப் பாருங்க, தேர்வுல அதைத்தான் கேப்பாங்க. ஆளுக்கு 84.375, பையான் ஓடுற திசையோட கோணம் சுமார் 53 டிகிரி வரணும்.

பழையபேனா:
@லாரன்ட்ஸ்_தாசன் நாங்க படிச்சப்பவே குறுக்கு நிறை, நெடுக்கு நிறைனு ரெண்டு பேர் இருந்துச்சு. இருந்தா என்ன இப்போ?