உதவி: நரம்பியல் கேஸ் என்றாலே மாணவர்கள் ஒதுங்குகிறார்கள்

வார்டு_வாத்தியார்: அவசரம். திங்கட்கிழமை புது பேட்ச். இதய கேஸ் என்றால் முண்டியடிக்கும் பிள்ளைகள், பக்கவாத நோயாளியின் கட்டிலருகே பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். டிராக்ட் (நரம்புப் பாதை) எல்லாம் மனப்பாடம். கோளாறு எந்த இடத்தில் என்றால் பதில் இல்லை. எப்படி மாற்றிச் சொல்லிக்கொடுப்பது?

மீனா_பிஜி: எந்த வருஷம் சார்? எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை நாள்?

சுத்தியல்: கோளாறே முதல் வருஷத்தில்தான். அனாட்டமியில் மூளையைப் படித்து, நோயாளியைப் பார்ப்பதற்குள் எல்லாம் மறந்துவிடுகிறது. 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் முதல் வருஷத்திலேயே நோயாளியைக் காட்டச் சொல்கிறதே, அந்த நேரத்தில் முகவாதம் காட்டுங்கள். நெற்றி சுருங்குகிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவது அப்புறம் மறக்காது.

பழைய_ஸ்டெத்: கேட்குமுன் கொஞ்சம் படித்திருக்கலாம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோசஃபோவிச் 1994லேயே இதற்கு 'நியூரோஃபோபியா' (நரம்பியல் பயம்) என்று பெயர் வைத்துவிட்டார். அடிப்படைப் பாடத்தை நோயாளியிடம் பொருத்தத் தெரியாததுதான் காரணம் என்றும் எழுதினார்.

மீனா_பிஜி: பெயர் தெரிந்தால் திங்கட்கிழமை வகுப்பு நடந்துவிடுமா சார்?

படம்_பார்: எம்ஆர்ஐயை முதலில் காட்டுங்கள். இடம் தெரிந்தால் பயம் போகும்.

சுத்தியல்: கூடவே கூடாது. படத்தைப் பார்த்தபின் யார் யோசிப்பார்கள்? பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. சாதாரணமாகவே வரலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான். அங்கே கையும் கண்ணும்தான் துணை.

படம்_பார்: படமே வேண்டாம் என்பதும் பிடிவாதம். எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் புரிகிறது!

மீனா_பிஜி: இடத்தை ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொண்டு படத்தைக் காட்டலாமே. எங்கள் யூனிட்டில் அப்படித்தான். தப்பாக எழுதியவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

வார்டு_வாத்தியார்: மன்னிக்கவும், விவரம் விட்டுப்போனது. மூன்றாம் வருஷம், 12 பேர், வாரம் 2 நாள். திங்கட்கிழமை வகுப்பில் மீனா சொன்னபடி எழுதச் சொன்னேன். பாதம் தொங்கிய நோயாளி. 9 பேர் 'எல்5 வேர்' (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் கிளம்பும் நரம்பு வேர்) என்று எழுதினார்கள். பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னேன், பலமாகத் திருப்பினார். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்போ வேர் இல்லை சார், வேர் என்றால் உள்பக்கம் திருப்புவதும் பலவீனமாகியிருக்கும். முழங்காலுக்குப் பக்கத்தில் பெரோனியல் நரம்பு" என்றாள். ரவுண்ட்ஸ் கூப்பிடுகிறார்கள்.