புதுப்பிப்பு: தீபாவளி போகட்டும்னு சொன்னீங்களே, போச்சு

ஆகஸ்ட் கடைசியில எழுதியிருந்தேன். 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கினதும், திருப்பூர்ல எங்க எக்ஸ்போர்ட் துணி கம்பெனி ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கிடுச்சு, வேற இடம் பார்க்கலாமான்னு. "தீபாவளி போனஸ் வாங்கிட்டு நகருங்க"ன்னு பாதிப்பேர் சொன்னீங்க. பொறுத்தேன்.

போனஸ் வந்தது, பாதி. அடுத்த வாரமே, தைச்ச துணியில குறை இருக்கான்னு நாங்க பார்க்கிற செக்கிங் டேபிளை எடுத்துட்டாங்க, வேலை போச்சு.

இப்ப உள்நாட்டு ஆர்டர் தைக்கிற சின்ன யூனிட்ல இருக்கேன். பீஸ் ரேட், எத்தனை பீஸ் முடிக்கிறோமோ அதுக்குத்தான் கூலி. தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை இருக்கான்னு பார்த்து, பிசிறு நூலை வெட்டி அடுக்கணும். எக்ஸ்போர்ட் மாதிரி அக்குல, கழுத்துலன்னு இஞ்ச் டேப் வச்சு நோண்டுறதில்லைங்க. கை வேகமா ஓடுது. ஆனா சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிசு.

இதுக்கு நடுவுல அத்தை, அதாங்க மாமியார், வாசல் தெளிக்கறப்ப வழுக்கி மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. துணி ஓரம் அடிக்கிற பழைய ஓவர்லாக் மிஷின் வாங்கறதுக்குன்னு வச்சிருந்த சீட்டுப்பணம் எக்ஸ்ரேக்கும் மாவுக்கட்டுக்கும் போச்சு. மிஷின் வாங்கச் சொன்னவங்க மன்னிக்கணும். கட்டுப்போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு, ஒத்தைக்கையால சின்ன வெங்காயம் உரிக்கிறாங்க. வேண்டாம்னா முறைக்கிறாங்க. வீட்டுக்காரர் சாம்பார் வைக்கப் பழகிட்டார். உப்பு மட்டும் இன்னும் பிடிபடலை.

பழைய லைன் சூப்பர்வைசர் பொங்கல் முடிஞ்சு கூப்பிடறேன்னிருக்கார். கூப்பிட்டா வந்து சொல்றேன்.